குழந்தைவதைத் தடுப்புச் சங்கத்தின் வரலாறு

தந்தை தன் மகனை அடிக்கும்போது தடுத்துக் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு? அண்டை வீட்டார்க்கு உண்டா? ஊராருக்கு உண்டா? அரசுக்கு உண்டா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி வரையில் இங்கிலாந்தில் இவ்வினாவுக்குப் பெரும்பாலோர் தந்த விடை ஒன்றே. சட்டம் இல்லத்தின் வாயில் வரை வரலாம். வாயிற்படிக்கு உள்ளே தந்தையின் ஆட்சியே செல்லும் என்பது அவ்விடை. அந்த வாயிற்படியைச் சட்டம் எவ்வாறு கடந்தது, கடந்தபின் உள்ளே சென்று என்ன செய்தது என்பனவே குழந்தைவதைத் தடுப்புச் சங்கத்தின் வரலாறு. முதற் பகுதியைப் பலரும் விரும்பிச் சொல்வர். இரண்டாம் பகுதி அத்துணை இனிமையானதன்று. ஆயினும், பிள்ளைகளோடு நாள்தோறும் பழகும் ஆசிரியர்க்கு அதுவே மிகுதியும் பயன்படும்.

குழந்தைகளின் துயரை அந்நாடு அறியாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1833ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் ஒன்பது வயது நிரம்பாத சிறுவரை நெசவாலைகளில் வேலைக்கு அமர்த்துவதைத் தடுத்தது. 1842ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விடுவித்தது. இவ்விரு சட்டங்களுக்கும் முன்னின்று உழைத்த பெருமகன் ஷாப்ட்ஸ்பரி பிரபு. ஆனால், அவரே 1871ஆம் ஆண்டில் எழுதிய கடிதம் ஒன்றில், பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு இழைக்கும் தீமைகள் கொடியவை என்று ஒப்புக்கொண்டு, எனினும் அவை இல்லறத்தின் அந்தரங்கத்தைச் சேர்ந்தவை ஆதலின் சட்டத்தின் கைக்கு எட்டாதவை என்று கருத்துரைத்தார். சுரங்கத்தின் ஆழம் வரை சென்று குழந்தைகளை மீட்டவர்க்கே, ஒரு வீட்டின் கதவு கடக்கலாகாத எல்லையாகத் தோன்றியது. அக்காலத்து மனப்போக்கை அறிய இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

சட்டமே இல்லை என்பதும் பொருந்தாது. குழந்தையைக் கொன்றால் கொலைக்குற்றம்; காயப்படுத்தினால் தாக்குதற்குற்றம். 1868ஆம் ஆண்டில் ஏழையர் சட்டத்திற்குச் செய்த திருத்தம், பிள்ளைக்கு உணவும் உடையும் மருத்துவமும் வேண்டுமென்றே தர மறுக்கும் பெற்றோரைத் தண்டிக்க வழிவகுத்தது. ஆனால் வழக்குத் தொடுக்க யார் முன்வருவது? சாட்சி சொல்ல யார் இருப்பது? குற்றம் நடப்பது வீட்டுக்குள். கண்டவர் இருவர்: ஒருவர் குற்றவாளியின் மனைவி, மற்றவர் அடிபட்ட குழந்தை. மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அன்றைய சட்டம் பொதுவாக இடந்தரவில்லை. குழந்தையோ சத்தியப் பிரமாணத்தின் பொருளை அறியாதது. ஆகவே அதன் சொல்லும் ஏற்கப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் குற்றம் இருந்தது. நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிக்க வழியில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லவேண்டும். 1860ஆம் ஆண்டில் ஈஸ்ட்போர்ன் நகரில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், பாடம் வராத மாணவன் ஒருவனைத் திருத்தப்போவதாகச் சொல்லி இரவில் நெடுநேரம் அடித்தார். பதினைந்து வயதுச் சிறுவன் அவன். மறுநாள் அவன் பிணமாகக் கிடந்தான். அடித்துத் திருத்தத் தந்தை முன்னரே எழுத்தில் இசைவு தந்திருந்தார். ஹாப்லிக்கு நான்கு ஆண்டுக் கடுஞ்சிறை கிடைத்தது. ஆனால் அவ்வழக்கில் தலைமை நீதிபதி காக்பர்ன் வகுத்துரைத்த விதிதான் நெடுங்காலம் வாழ்ந்தது. பெற்றோரும், அவர்தம் அதிகாரத்தைப் பெற்ற ஆசிரியரும் ‘அளவான’ தண்டனை தரலாம். அளவு மீறினாலே குற்றம் என்றார் அவர். கொடுமையைத் தண்டித்த அந்தத் தீர்ப்பே அடிக்கு ஓர் உரிமைப் பத்திரமாகவும் ஆயிற்று.

நியூயார்க்கில் ஒரு சிறுமி

வாயிற்படியை முதலில் கடந்தது இங்கிலாந்து அன்று, அமெரிக்கா. நியூயார்க் நகரின் ஏழ்மை மிகுந்த குடியிருப்பு ஒன்றில் மேரி எலன் என்ற சிறுமி வளர்ப்புத்தாயிடம் நாள்தோறும் அடிபட்டு வந்தாள். அக்கட்டடத்தில் நோயுற்றுக் கிடந்த ஓர் ஏழைப் பெண்மணி, சுவருக்கு அப்பால் கேட்கும் அழுகையைப் பற்றி, ஏழைகளை நாடி வரும் எட்டா வீலர் என்ற தொண்டரிடம் கூறினார். வீலர் அம்மையார் எத்தனையோ கதவுகளைத் தட்டினார். குற்றத்துக்குச் சான்று வேண்டும் என்றனர் சிலர். சட்டப்படி ஒப்படைத்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்றன அற நிலையங்கள். இறுதியில் அவர் சென்றது ஹென்றி பெர்க் என்பவரிடம். பெர்க், அமெரிக்க மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர். 1874ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சிறுமி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

குழந்தையைக் காக்கச் சட்டம் இல்லாமையால், ‘மனிதரும் விலங்கினத்தைச் சேர்ந்தவரே’ என்று வாதாடி விலங்குகளுக்கான சட்டத்தின்கீழ் மேரி எலன் மீட்கப்பட்டாள் என்ற கதை உலகெங்கும் வழங்குகிறது. மேடைப் பேச்சுக்கு மிகவும் ஏற்ற கதைதான். ஆனால் அது உண்மையன்று. பெர்க் தாம் சங்கத்தின் தலைவராக அன்றி ஒரு குடிமகனாகவே இதில் தலையிடுவதாக நீதிமன்றத்தில் தெளிவாகக் கூறினார். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரி கையாண்டது, முறைகேடாக அடைத்து வைக்கப்பட்ட ஒருவரை நீதிபதியின் முன் கொணரச் செய்யும் பழைய ஆணையை. சட்டம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குச் செல்ல ஒரு கை இல்லை என்பதே மெய்யான குறை. இதை உணர்ந்தவர் கெரி. 1874ஆம் ஆண்டின் இறுதியில் அவர் முயற்சியால் நியூயார்க் குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் கூடி, 1875இல் சட்டப்படி பதிவு பெற்றது. இவ்வகைச் சங்கங்களில் உலகில் முதலாவது அதுவே.

மேரி எலன் பிற்பாடு வீலர் அம்மையாரின் குடும்பத்தாரால் வளர்க்கப்பட்டு, மணம் புரிந்து, இரு பெண்மக்களைப் பெற்று, 1956ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். கதையை மேடையில் சொல்வோர் இதைச் சொல்வதில்லை. வதைபட்ட குழந்தை நல்ல தாயாக வாழ்ந்தது, வழக்கில் வென்றதைவிடச் சிறிய செய்தியன்று.

விலங்குக் கதை பொய்யாயினும், அதன் பின்னே ஓர் உண்மை நிற்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் கால்நடைகளை வதைப்பதைத் தடுக்கச் சட்டம் செய்தது 1822ஆம் ஆண்டில். அவற்றுக்கான சங்கம் தோன்றியது 1824இல். குழந்தைகளுக்கென அத்தகைய சட்டம் பிறக்க 1889ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாடு உடைமை, உடைமையைக் கையாளும் முறையில் அரசு தலையிடலாம். பிள்ளையோ குடும்பம், குடும்பத்தில் தலையிடுவது ஆகாது. அறுபத்தேழு ஆண்டு இடைவெளியின் காரணம் இரக்கக் குறைவு அன்று, இந்த எண்ணமே.

இலிவர்ப்பூல் முதல் இலண்டன் வரை

இலிவர்ப்பூல் நகர வணிகர் தாமஸ் அக்னியு 1881ஆம் ஆண்டில் நியூயார்க் சென்றபோது அங்குள்ள சங்கத்தின் பணியைக் கண்டார். ஊர் திரும்பியதும் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் ஸ்மித்திடம் அதைப்பற்றிப் பேசினார். பின்னர் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தார் நாய்களுக்கான காப்பகம் ஒன்றுக்கு நிதி வேண்டிக் கூட்டிய கூட்டத்தில், குழந்தைகளின் பாதுகாப்புக்கும் இவ்வாறு செய்யலாகாதா என்று ஸ்மித் கேட்டார். அவ்வினாவின் விளைவாக 1883ஆம் ஆண்டில் இலிவர்ப்பூல் சங்கம் பிறந்தது. மறு ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகர மேயரின் மாளிகையில் கூடிய கூட்டம் இலண்டன் சங்கத்தை நிறுவியது. அதன் முதல் தலைவராக விளங்கியவர் ஷாப்ட்ஸ்பரி பிரபு. ஆம், இல்லறத்தின் அந்தரங்கம் சட்டத்துக்கு எட்டாது என்று எழுதிய அதே பெருமகன்தான். எண்பது கடந்த வயதில் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வது எளிதன்று.

சங்கத்தின் உயிராக விளங்கியவர் பெஞ்சமின் வாஹ் என்ற பாதிரியார். 1839இல் யார்க்ஷயர் மாவட்டத்தில் பிறந்தவர். இலண்டனின் கிரீனிச் பகுதியில் சமயப்பணி ஆற்றியவர். இலண்டன் பள்ளிக் கழகத்தில் உறுப்பினராக இருந்தவர். சிறு குற்றத்துக்காகச் சிறுவரைச் சிறையில் அடைப்பதைக் கண்டித்து 1873இல் ஒரு நூலும் எழுதினார். பேச்சிலும் எழுத்திலும் சூடு மிக்கவர். எதிர்ப்பைக் கண்டு தளராதவர். கத்தோலிக்கக் கர்தினால் மானிங்கும் இந்தச் சீர்திருத்த சமயப் பாதிரியாரும் சேர்ந்து 1886ஆம் ஆண்டில் குழந்தைவதையைப் பற்றிக் கட்டுரை எழுதினர். சமயப் பூசல் மிகுந்த அந்நாளில் அது அரிய காட்சி.

வாஹ் கண்டுணர்ந்த உண்மை இதுதான்: நல்லுரைகளால் ஆவது ஒன்றுமில்லை, சான்றுச் சட்டம் மாறவேண்டும். 1885ஆம் ஆண்டில் சிறுமியரைக் காக்கும் பொருட்டு நிறைவேறிய சட்டத்திலேயே, சத்தியப் பிரமாணம் செய்ய இயலாத சிறுமியின் சொல்லையும் கேட்கலாம் என்ற விதி இடம்பெற்றது. அதே கருத்தை எல்லாக் கொடுமைகளுக்கும் விரிப்பதே வாஹின் குறிக்கோளாயிற்று. ஐந்தாண்டுகள் வழக்குகளைத் திரட்டினார். தோற்ற வழக்குகளையும் திரட்டினார். தோற்றவையே அவருக்கு மிகுதியும் பயன்பட்டன. ஒவ்வொரு தோல்வியும் சட்டத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று காட்டியது.

1889ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சட்டம் நிறைவேறியது. மக்கள் அதைக் ‘குழந்தைகளின் உரிமைச் சாசனம்’ என்று அழைத்தனர். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவனையும் பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியையும் தம் பொறுப்பில் வைத்திருப்போர் வதைத்தாலும், புறக்கணித்தாலும், கைவிட்டாலும் குற்றம் என்றது அது. நீதிபதியின் ஆணை பெற்று வீட்டுக்குள் நுழைந்து தேடலாம் என்றது. குற்றவாளியிடமிருந்து குழந்தையை எடுத்து உறவினரிடமோ தக்க நிலையத்திடமோ ஒப்படைக்கலாம் என்றது. மனைவி சாட்சி சொல்லலாம் என்றது. அறிவு தெளிந்த சிறு பிள்ளையின் வாய்மொழியை, வேறு சான்று ஒன்று அதற்குத் துணை நிற்குமாயின், பிரமாணம் இன்றியே ஏற்கலாம் என்றது. பிள்ளைகளைப் பிச்சைக்கு அனுப்புவதையும் தடுத்தது. பெற்றோரும் ஆசிரியரும் தண்டிக்கும் உரிமையை மட்டும் தொடாமல் விட்டது. அதற்கென்றே தனிப் பிரிவு ஒன்று சேர்க்கப்பட்டது. ஹாப்லி வழக்கின் விதி இவ்வாறு புதிய சட்டத்துக்குள்ளும் குடிபுகுந்தது. அதை எடுத்தெறிய முயன்றிருந்தால் சட்டமே நிறைவேறியிராது என்று சொல்வதில் உண்மை உண்டு.

அதே ஆண்டில் இலண்டன் சங்கம் தேசியக் குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் எனப் பெயர் மாறியது. 1895இல் விக்டோரியா அரசியாரின் சாசனம் பெற்றது.

இரண்டு வழிகள்

இனி, வாயிற்படிக்கு உள்ளே நடந்ததைக் காண்போம். குழந்தையைக் காக்க அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று டாக்டர் பர்னார்டோ காட்டிய வழி. தீய சூழலிலிருந்து குழந்தையை எடுத்துவிடுவது, நிலையத்தில் வளர்ப்பது, வளர்ந்தபின் கனடாவுக்கு அனுப்பிப் புதுவாழ்வு தருவது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவ்வாறு கப்பலேறினர். பெற்றோரின் இசைவின்றியே சில பிள்ளைகளை அவர் எடுத்துச் சென்றார். அதை அறவழிக் கடத்தல் என்று தாமே ஒப்புக்கொண்டார்.

வாஹ் இவ்வழியை ஏற்கவில்லை. அவர் வாதம் எளிமையானது. கடமை தவறிய தந்தையிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டால் அவனுக்கு என்ன நட்டம்? சோறு போடும் செலவு மிச்சம். அது தண்டனையன்று, பரிசு. ஆதலின் பெற்றோரைக் கடமை செய்ய வைப்பதே சங்கத்தின் பணி, பிள்ளையை வாங்கிக்கொள்வதன்று. நிலையங்கள் கட்டுவதில் பெருமை கொண்ட காலத்தில், நிலையம் கட்டாமையே கொள்கை என்று ஓர் அறச்சங்கம் நிதி திரட்டியது. தற்காலிகப் புகலிடங்கள் சில மட்டுமே அதற்கு இருந்தன.

பணி நடந்த முறை இது. யாரேனும் ஒருவர், பெரும்பாலும் அண்டை வீட்டார், சங்கத்துக்குச் செய்தி சொல்வர். சீருடை அணிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் அவ்வீட்டுக்குச் செல்வார். இன்ஸ்பெக்டர்களிற் பலர் முன்னாள் போலீஸ்காரர், படைவீரர். குழந்தையைப் பார்ப்பார், படுக்கையைப் பார்ப்பார், அடுப்பையும் பார்ப்பார். குற்றம் பெரிதாயின் வழக்கு. இல்லையேல் எச்சரிக்கை. எச்சரித்தபின் மறுபடியும் வருவார், பின்னும் வருவார். முடிவில் நீதிமன்றம் சென்றவை சிலவே. பெரும்பாலானவை எச்சரிக்கையோடும் கண்காணிப்போடும் முடிந்தன. வந்த புகார்களிலும் பெரும்பாலானவை அடியைப் பற்றியன அல்ல, புறக்கணிப்பைப் பற்றியன. பசி, அழுக்கு, பேன், கந்தல், கவனிப்பாரற்ற நோய் ஆகியவையே அவர் ஏட்டில் நிறைந்தன. வெறும் எச்சரிக்கை பசிக்கு மருந்தாகாது என்பதை இன்ஸ்பெக்டர்கள் விரைவில் கண்டுகொண்டனர். ஊரிலுள்ள வேறு அறச்சங்கங்களிடம் சொல்லிக் கட்டில் ஒன்று, போர்வை ஒன்று, காலணி ஒரு சோடி என்று வாங்கித் தருவதும் அவர் வேலையாயிற்று. பழைய போலீஸ்காரர்கள் அறியாமலே சமூகத் தொண்டர் ஆயினர்.

தெருவில் அவருக்கு வழங்கிய பெயர் ‘கொடுமைக்காரர்’. கொடுமையைத் தடுக்க வருபவர் என்பதே கருத்து. ஆனால் அவர் தலையைக் கண்டதும் கதவடைத்த தாய்மாரும் உண்டு. பெயர் இரு பொருள் படுவதாய் அமைந்தது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமாகவே அமைந்தது.

வாஹின் கொள்கையில் ஒரு பாதி உண்மையும் ஒரு பாதி குருடும் இருந்தன என்று கூறவேண்டும். கொடுமைக்கு வறுமை காரணமன்று, செல்வர் வீட்டிலும் கொடுமை உண்டு என்று அவர் விடாது வலியுறுத்தினார். ஏழை என்றாலே பிள்ளையை வதைப்பவன் என்ற பழியிலிருந்து அது ஏழை மக்களை மீட்டது. ஆனால் அதே கொள்கை, ஓர் அறையில் ஏழு பேர் வாழும் வீட்டில் தூய்மை ஏன் இல்லை என்று கேட்க மறந்தது. குடியையும் குணக்கேட்டையும் மட்டுமே தேடியது. செல்வர் வீட்டிலும் கொடுமை உண்டு என்றாரே தவிர, இன்ஸ்பெக்டரின் கால்கள் சென்றது பெரும்பாலும் ஏழையர் தெருக்களுக்கே.

இதனை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளின் பெயரில் வாரந்தோறும் சிறு காசு கட்டி ஈமச்செலவுக்குக் காப்புறுதி செய்து வந்தன. அப்பணத்துக்காகவே பிள்ளைகளைச் சாகவிடுகின்றனர் என்று வாஹ் 1890ஆம் ஆண்டில் கடுமையாக எழுதினார். அம்முறையையே ஒழிக்கப் போராடினார். காப்புறுதிக் கழகங்களும் தொழிலாளரும் கொதித்தெழுந்தனர். ஏழைக்கு அந்தக் காசு, பிள்ளையைப் பொதுக்குழியில் இடாமல் மானத்தோடு அடக்கம் செய்வதற்கான காசு. வாஹின் முயற்சி தோற்றது, தோற்றதே நன்று. நல்லவர் ஒருவர் தாம் காக்க வந்த மக்களின் மனத்தை அறியாது போனால் என்ன நேரும் என்பதற்கு அது சான்று.

ஆயினும் சங்கம் வளர்ந்தது. 1904ஆம் ஆண்டின் சட்டம், நீதிபதியின் இசைவோடு பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்கும் அதிகாரத்தைச் சங்கத்தின் இன்ஸ்பெக்டர்களுக்கும் தந்தது. தனியார் அறச்சங்கம் ஒன்றின் ஊழியர்க்கு இத்தகைய அதிகாரம் வாய்ப்பது அரிது. 1908ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றங்களை அமைத்தது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்தியது. 1873இல் வாஹ் எழுதிய நூலின் கோரிக்கை அது. அச்சட்டம் நிறைவேறிய டிசம்பரில் அவர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு மார்ச்சில் மறைந்திருந்தார்.

தரை துடைத்தவர்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வேறொரு வகைத் தொண்டர் தோன்றினர். போரிட மறுத்த அமைதிக் கொள்கை இளைஞர் சிலர் இலிவர்ப்பூல், மான்செஸ்டர், கிழக்கு இலண்டன் ஆகிய இடங்களில் குண்டுவீச்சில் வீடிழந்த மக்களிடையே பணி செய்தனர். மற்ற அலுவலர்கள் திருந்தாதவை என்று கைவிட்ட குடும்பங்கள் அவர்களிடம் வந்து சேர்ந்தன. அவ்விளைஞர்கள் புத்தி சொல்லத் தொடங்கவில்லை. வாளியும் துடைப்பமும் எடுத்தனர். தாயோடு சேர்ந்து தரையைத் தேய்த்தனர், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தனர், பிள்ளைகளைக் குளிப்பாட்டினர், கடன்காரரிடம் சென்று தவணை பேசினர். நட்பு வளர்ந்தபின் பேச்சு தானே வந்தது. போர் முடிந்தபின் இவர்கள் குடும்பத் தொண்டுப் பிரிவுகள் என்ற அமைப்பாயினர். ‘கொடுமைக்காரர்’ வாயிலில் நின்று கண்டதை இவர்கள் உள்ளே அமர்ந்து கண்டார்கள். களைத்துப்போன தாய்க்கு எச்சரிக்கை வேண்டியதில்லை, கை வேண்டும் என்பதே அவர்கள் கண்டது.

1945ஆம் ஆண்டு ஜனவரியில் டென்னிஸ் ஓநீல் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், அரசினர் ஒப்படைத்திருந்த வளர்ப்பு வீட்டில் அடிபட்டும் பட்டினி கிடந்தும் இறந்தான். பெற்றோரிடமிருந்து எடுத்துவிட்டால் குழந்தை பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையை அச்சாவு குலைத்தது. தொடர்ந்து நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாக 1948ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் பிறந்தது; ஊராட்சிதோறும் குழந்தைகளுக்கெனத் தனித்துறையும் அமைந்தது. 1963ஆம் ஆண்டின் சட்டம் ஒரு படி மேலே சென்றது. குழந்தையைக் குடும்பத்திலிருந்து எடுக்கவேண்டிய நிலை வாராமல் தடுக்க, ஊராட்சி பணமும் செலவிடலாம் என்றது. வாடகை பாக்கியால் வீடிழக்க இருந்த குடும்பத்துக்குத் தரும் சிறு தொகை, பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் நிலையத்தில் வைத்துக் காக்கும் செலவைவிடக் குறைவு என்பது கணக்கறிந்தோர்க்கு விளங்கும்.

அதே காலத்தில் மருத்துவ உலகிலிருந்து ஓர் அதிர்ச்சி வந்தது. கை கால் எலும்புகள் பல இடங்களில் முறிந்தும் மூளைப் பகுதியில் இரத்தம் கசிந்தும் வரும் பச்சிளங் குழந்தைகளைப் பற்றி, எக்ஸ்ரே படங்களை ஆய்ந்த ஜான் காஃபி 1946இலேயே எழுதியிருந்தார். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவர் துணைவரும் அதற்கு ‘அடிபட்ட குழந்தை நோய்க்குறி’ எனப் பெயரிட்டனர். பேசத் தெரியாத குழந்தைக்கு எலும்பே சாட்சி சொல்லிற்று. பெற்றோர் இப்படிச் செய்வார்களா என்று கண்ணை மூடிக்கொண்ட மருத்துவர்களே இதில் மிகுதியும் திகைத்தனர் எனலாம். இலண்டனில் தேசியச் சங்கமும் 1968இல் இதற்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கியது.

குடும்பத்தைக் காப்பதே குழந்தையைக் காப்பது என்ற கொள்கைக்குப் பெருஞ் சோதனை 1973ஆம் ஆண்டு ஜனவரியில் வந்தது. மரியா கோல்வெல் என்ற ஏழு வயதுச் சிறுமி பிரைட்டன் நகரில் தன் மாற்றாந்தந்தையால் அடித்துக் கொல்லப்பட்டாள். அவள் கைக்குழந்தைப் பருவம் முதல் அத்தை வீட்டில் அன்போடு வளர்ந்தவள். பெற்ற தாயிடம் பிள்ளை சேரவேண்டும் என்ற முறையில், அவள் விருப்பத்துக்கு மாறாகத் திருப்பி அனுப்பப்பட்டாள். அண்டை வீட்டாரும் ஆசிரியரும் அவள் மெலிவதைக் கண்டு பலமுறை புகார் சொன்னார்கள். ஊராட்சி அலுவலர் வந்து பார்த்தார். தேசியச் சங்கத்தவரும் வந்து பார்த்தார். ஒருவர் அறிந்தது மற்றவர்க்கு முழுதும் தெரியவில்லை. எல்லோரும் வந்துபோன வீட்டில் குழந்தை இறந்தாள். 1974இல் வெளிவந்த விசாரணை அறிக்கை இச்செய்தித் தொடர்புக் குறையையே முதன்மையாகச் சுட்டியது. அதன்பின்தான் மருத்துவர், ஆசிரியர், காவலர், சமூகநல அலுவலர் ஆகியோர் ஒன்றுகூடி ஆராயும் முறையும், இடருக்குள்ளான குழந்தைகளின் பதிவேடும் நாடெங்கும் ஏற்பட்டன.

இவ்விரு சாவுகளையும் அருகருகே வைத்துக் காணவேண்டும். ஒருவன் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டதால் இறந்தான். ஒருத்தி பெற்றோரிடம் சேர்க்கப்பட்டதால் இறந்தாள். பர்னார்டோவின் வழியும் தவறியது. வாஹின் வழியும் தவறியது. இரண்டிலும் ஒன்று பொதுவாக இருந்தது: அந்தப் பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, அவர்கள் வாய்ச்சொல்லைக் கேட்டு, அதற்கு மதிப்பளித்தவர் யாருமிலர். 1889ஆம் ஆண்டின் சட்டம் நீதிமன்றத்தில் பிள்ளையின் சொல்லுக்கு இடந்தந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே அந்த இடம் கிடைக்க இன்னும் நெடுநாள் ஆயிற்று.

1986ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், தொலைக்காட்சியாளர் எஸ்தர் ராண்ட்சென் முயற்சியால், குழந்தைகளே நேரில் பேசுவதற்கென இலவசத் தொலைபேசிச் சேவை ஒன்று இலண்டனில் தொடங்கியது. முதல் இரவில் மட்டும் சுமார் 50,000 அழைப்புகள் வந்தன. பெரும்பாலானவற்றை எடுக்கவே ஆளில்லை. இச்சேவை 2006இல் தேசியச் சங்கத்தோடு இணைந்தது.

பழைய சாசனத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1989இல் புதிய குழந்தைகள் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. இடருக்குள்ளாகும் குழந்தையின் குடும்பத்துக்குத் துணைபுரிவதை ஊராட்சியின் கடமையாக்கியது அச்சட்டம். குழந்தைக்குக் கடுந்தீங்கு நேரும் என்று மெய்ப்பித்தாலன்றி அரசு அதைப் பிரிக்கலாகாது என்றது. முடிவெடுக்கும்போது, வயதுக்கும் அறிவுக்கும் ஏற்பக் குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் அறியவேண்டும் என்றும் விதித்தது. இரு வழிகளும் ஒரே சட்டத்தில் வந்து சேர்ந்தன. ஹாப்லி வழக்கின் ‘அளவான தண்டனை’ விதியோ இன்னும் பிடிவாதமாக வாழ்ந்தது; ஸ்காட்லாந்து அதை 2020இலும் வேல்ஸ் 2022இலும் நீக்கின.

இங்கிலாந்துச் சட்டத்தின் விழுது இந்நாட்டிலும் ஊன்றியது. போருக்குப் பின் மலாயாவில் 1947ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 1949ஆம் ஆண்டிலும் குழந்தைகள், இளையோர் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. சிங்கப்பூர்க் குழந்தைகள் சங்கம் 1952இல் தொடங்கப்பெற்றது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1985இல் மருத்துவரும் சமூகநல அலுவலரும் காவல்துறையினரும் சேர்ந்து வதைபட்ட குழந்தைகளை ஆராயும் குழு ஒன்று அமைந்தது. 1990இல் ஒரு சிறு பாலகனின் சாவு மலேசிய மக்களை உலுக்கியது. மறு ஆண்டே, 1947ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாகக் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. குழந்தையின் காயம் வதையால் நேர்ந்தது என ஐயுறும் மருத்துவர் அதை அறிவித்தே ஆகவேண்டும் என்று அது கட்டளையிட்டது. பின்னர் 2001ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, குடும்பத்தாருக்கும் குழந்தைப் பராமரிப்பாளருக்கும் அக்கடமையை விரித்தது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நடைமுறைக்கு வந்தது.